காசர்நேர் மனைக்கு வேண்டிய கைநாட்டு

பிம்ப்ரி, புனே
3-11-2006

சிரஞ்சீவி ஸ்ரீவத்சனுக்கும் சௌபாக்கியவதி மீனுவுக்கும் அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இளைப்பும் என் முழங்காலும் எங்களோடேயே குடித்தனம் நடத்துவதால் அவற்றைத் தனியாக எழுதவில்லை. அங்கே நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பனிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும், தலையை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வழியாகத்தான் ஜுரம் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். ஈமெயில் என்றால் நான் சொல்லச் சொல்ல அவர்தான் தட்டுகிறார், நான் சொன்னதில் பாதி அவருக்குப் பிடிக்காமல் விட்டுப்போகிறது, மீதி அவர் சொல்ல நினைத்ததாக மாறிவிடுகிறது. இது அவருக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். காலையில் அவர் பார்க்குக்குப் போய் சிரிப்பு கிளப்பில் நாலு கிழவர்களோடு கைதட்டிச் சிரித்துவிட்டு வருவதற்குள் தினம் கொஞ்சமாக எழுதுகிறேன். உன்னை எழுத்துக் கூட்டிப் படிக்கவிட்டால் அடுத்த தீபாவளி வந்துவிடும், அதனால் மீனுவே படிக்கட்டும். மீனு, நீ கோயம்புத்தூரில் ஒழுங்காகத் தமிழ் படித்தவள், இவனுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு, நடுவில் டீ போடப் போகிறேன் என்று எழுந்தால் விடாதே.

விஷயம் அந்தக் காசர்நேர் மனைதான். இங்கே பிறந்து இருபத்திரண்டு வருஷம் வளர்ந்த உனக்கு, புனேயிலிருந்து எழுபது கிலோமீட்டரில் காசர்நேர் என்று ஒரு தாலுக்கா ஊர் இருப்பது போன ஜூலை வரைக்கும் தெரியாது. அப்பாவுக்குப் புகையில்லாத காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னார், நீ அதை மினியாபோலிஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடி ஒரு பங்களாவாக மாற்றிவிட்டாய். நல்ல எண்ணம்தான், இல்லை என்று யார் சொன்னார்கள். ஆனால் கராடியில் கண்ணாடி ஆபீஸ் வைத்திருக்கிறானே உன் ஏஜென்ட், பாவ்சாஹேப், அவன் அனுப்பிய வழவழப்புப் புத்தகத்தை நம்பி முன்பணம் கட்டினாய் பார், அங்கேதான் உன் படிப்பு எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தான். முதல் பக்கத்தில் 'பழம்பெருமை வாய்ந்த தாலுக்கா தலைநகரம்' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. அந்தப் பெருமை என்ன என்று தாலுக்கா கச்சேரி வாசலில் உட்கார்ந்திருந்த பியூனிடம் கேட்டேன், எனக்குத்தான் அங்கே பொழுது நிறையக் கிடைத்ததே. தாலுக்கா ஆபீஸை ஆற்றங்கரையில் வேறு ஓர் ஊரில் கட்டுவதாகத்தான் இருந்ததாம். இடம் பார்க்கக் கிளம்பி வந்த வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்கு வழியில் கால் சுளுக்கிக்கொண்டதாம். அந்த இடத்திலேயே கூடாரம் அடித்தார்கள், குதிரைக்குக் கால் சரியாவதற்குள் துரைக்கு அலுத்துப்போய் இங்கேயே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஆற்றங்கரையில் இருக்க வேண்டிய ஊர் கரட்டுமேல் ஏறி உட்கார்ந்தது, நூற்றுச் சொச்சம் வருஷமாகக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். அந்தப் பியூன் இதை என்னமோ பட்டாபிஷேகக் கதை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். ரயில் வரப்போகிறது என்று மூன்று தடவை சர்வே கல் நட்டார்களாம், அந்தக் கல் எல்லாம் இப்போது வீட்டு வீட்டுக்கு வாசலில் துணி துவைக்கக் கிடக்கிறது, நானே பார்த்தேன். புத்தகத்தில் சூரிய அஸ்தமனத்தோடு படம் போட்டிருக்கிறதே ஒரு படிக்கிணறு, அதற்குள் நாலு லாரி டயரும் போன வருஷத்துப் பிள்ளையார்களும் கிடக்கின்றன.

இரண்டாம் பக்கத்தில் 'எல்லா வசதிகளும் கையெட்டும் தூரத்தில்' என்று இருக்கிறது. அந்த வசதிகளை ஒவ்வொன்றாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஆறு பிளாட்பாரம், உள்ளே தார் பெயர்ந்து குழியாகிவிட்டதால் எந்த பஸ்ஸும் உள்ளே வருவதில்லை, ரோட்டில் நிற்கும் பஸ்ஸை மூட்டையோடு ஓடிப் பிடிக்க வேண்டும். தீயணைப்பு வண்டி ஒன்று நகரசபை வாசலில் நிற்கிறது, டிரைவர் சீட்டில் கோழி அடைகாக்கிறது. வாசகசாலை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, கரண்ட் போவதும் ஐந்திலிருந்து ஏழு. ஆஸ்பத்திரியில் முப்பது படுக்கை, டாக்டர் வருவது வியாழக்கிழமை சந்தையன்று மட்டும், அவரும் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். மற்ற நாளில் கம்பவுண்டர் நாய்க்கடிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுக்கிறார். பெண்களுக்கு என்று கச்சேரிக்குப் பின்னால் ஒரு கழிப்பறை கட்டி அதற்குத் திறப்பு விழாக் கல்வெட்டு வேறு பதித்திருக்கிறார்கள், சாவி பியூனிடம், பியூன் டீக்கடையில். எல்லாவற்றையும் விட என்னைச் சிரிக்க வைத்தது அவர்களுடைய டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச். முப்பத்தொரு வருஷம் புனே எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். காசர்நேருக்கு டிரங்க் கால் என்று சீட்டு வந்தாலே எங்கள் ஹாலில் எல்லாரும் சிரிப்போம், கல்யாணத்துக்கு புக் செய்தால் சீமந்தத்துக்கு லைன் கிடைக்கும் என்று பக்கத்து சீட் லீலா சொல்லுவாள். அந்த லைனுக்கு மறுமுனையில் இருந்த கட்டடத்தை இத்தனை வருஷம் கழித்துக் கண்ணால் பார்த்தேன். நான் நினைத்ததை விட மோசம். பாவ்சாஹேபைக் கேட்டால் பத்து வருஷத்தில் புனேயின் மகர்பட்டா டவுன்ஷிப் மாதிரி ஆகிவிடும் காகூ, அதாவது சித்தி, என்கிறான். பத்து வருஷம் நான் இருக்க வேண்டுமே என்றேன், அதற்கும் சிரிக்கிறான்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு போயிருப்பேன், எத்தனையோ சகித்தாகிவிட்டது. கதை வேறு இடத்தில் கோணிற்று. அந்த மனை இருக்கும் நிலம் ஜக்தாளே அண்ணன் தம்பி இரண்டு பேருடையது என்று பாவ்சாஹேப் உனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பினானே, சாத்பாரா, மீனு, அது நம் ஊர்ப் பட்டா சிட்டா மாதிரி, நிலத்துக்கு யார் யார் சொந்தம் என்று காட்டும் காகிதம். ஸ்ரீவத்சா, நீ அதைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாய். ஜெராக்ஸ் எடுக்கும்போது காகிதத்தைக் கீழே கொஞ்சம் மடித்து எடுத்திருக்கிறார்கள். மடிப்புக்குள் மூன்றாவது பெயர் இருந்தது. சோனாபாய், அவர்களுடைய கூடப் பிறந்தவள், அப்பன் செத்தபோது மூன்று பேருடைய பெயரும் ஏறியிருக்கிறது. பத்திரம் பதியும் ஆபீஸில் ஒரிஜினலைப் பார்த்த குமாஸ்தா அவள் கையெழுத்து இல்லாமல் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா அங்கேயே வேர்த்துவிட்டார். பாவ்சாஹேப் கொஞ்சமும் அசரவில்லை, இது சின்ன சமாசாரம் காகா, ஹக்-சோட் எழுதி வாங்கிவிடலாம் என்றான். மீனு, ஹக்-சோட் என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது. இந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம், அப்பன் போனதும் கூடப் பிறந்தவள் தன் பங்கு வேண்டாம் என்று சகோதரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள், பதிலுக்கு தீபாவளிக்கு மறுநாளுக்கு மறுநாள், சகோதரன் சகோதரி வீட்டுக்கு வரும் பாவ்பீஜ் அன்று அவளுக்கு ஒரு புடவை வரும், பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். பங்கு கேட்டவளுக்குக் கதவு கிடையாது. ஸ்ரீவத்சா, நான் இதை உனக்குப் போனில் சொன்னேன், நினைவிருக்கிறதா? அதெல்லாம் லோக்கல் வழக்கம்மா, நாம தலையிடக் கூடாது என்று சொன்னாய். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்றார். தலையிடக் கூடாதாம், தலைமேல் வீடு மட்டும் கட்டிக்கொள்ளலாமாம்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை எல்லாரும் பத்திர ஆபீஸுக்கு வருவதாக ஏற்பாடு. விடிவதற்கு முன்னால் எழுந்து எலுமிச்சம்பழ சாதம் கலந்து எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி நாங்கள் பத்து மணிக்குப் போய்விட்டோம். ஜக்தாளே அண்ணன் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், இரண்டு பேருக்கும் கழுத்தில் சங்கிலி, வெள்ளைச் சட்டை, தடித் தடியாக. சோனாபாய் பின்னால் பஸ்ஸில் வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒன்பது கஜப் புடவை, விரல் நுனியெல்லாம் வெங்காய நாற்று நட்டு வெடித்துக் கறுத்திருந்தது, அதுவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டது. இப்போதெல்லாம் பத்திரம் பதிய கம்ப்யூட்டரில் போட்டோ எடுத்து விரல் ரேகை வைக்க வேண்டும், நாங்கள் போய் அரை மணியில் கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று கேட்டேன், வரும்போது வரும் என்றார்கள். ஆண்கள் எல்லாரும் மிஸல் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள், அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள், காரம் ஆகாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. போகிற அவசரத்தில் அப்பா காகிதப் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பச்சை வேர்க்கடலையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள், நான் சாதம் கொடுத்தேன், புளிக்கிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டாள். பிறகு என்னைத் தாயி என்று கூப்பிட்டு, மீனு, தாயி என்றால் இங்கே அக்கா, அந்தப் பையைக் காட்டி, மோட்டார் லோன் காகிதம் இதுதானா என்று கேட்டாள். எந்த லோன் என்று கேட்டேன். கிணற்றுக்கு மோட்டார் வைக்க பாங்கில் கடன் வாங்குகிறோம், அதற்கு உன் விரல் வேண்டும் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படித்துச் சொல்லு என்றாள்.

ஸ்ரீவத்சா, நான் உடனே படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடி கொண்டு வரவில்லையே என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது. அவள் என் மூக்கைப் பார்த்துவிட்டுக் கடலையை உரிக்க ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியதையும் எழுதிவிடுகிறேன், உன் வீடுதான் ஓடியது, அப்பா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு இருமாமல் உட்கார்ந்திருப்பது ஓடியது, ஆமாம் லோன் காகிதம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஓடியது. பிறகு பையைத் திறந்து காகிதத்தை எடுத்துப் படித்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ஒரு கருத்தும் சொல்லவில்லை, எழுதியிருப்பதை மெதுவாகப் படித்தேன். என் சகோதரர்கள் மேல் உள்ள அன்பினால், ராஜியாகவும் குஷியாகவும், எதுவும் வாங்கிக்கொள்ளாமல், என் பங்கையும் என் பிள்ளைகள் பங்கையும் இன்று முதல் விட்டுவிட்டேன் என்று இருந்தது. 'எதுவும் வாங்கிக்கொள்ளாமல்' என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். அழவில்லை, கத்தவில்லை. மீதிக் கடலையை என் மடியில் கொட்டிவிட்டு, என் ஊருக்கு பஸ் எப்போது என்று கேட்டாள். நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பும் கிடையாது போர்டும் கிடையாது, நாலு டிரைவரைக் கேட்டு, ரோட்டில் நின்ற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன். அவசரம் என்றால் கூப்பிடு என்று நம் வீட்டு போன் நம்பரைக் கடலை கட்டியிருந்த காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றேமுக்காலுக்குக் கரண்ட் வந்தது. பெயர் கூப்பிட்டார்கள், சோனாபாயைக் காணோம். சந்தைக்கு வளையல் வாங்கப் போயிருப்பாள் என்று தம்பிக்காரன் தேடப் போனான். பெரியவன் அவள் பேரைச் சொல்லி வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னான், அவன் பக்கத்திலேயே கணபதி படம் மாட்டியிருக்கிறது. என்னைக் கேட்டார்கள், கழிப்பறைச் சாவிக்காக பியூனைத் தேடிப் போயிருந்தேன் என்று சொன்னேன், ஊரே அதை நம்பியது, ஏனென்றால் அந்த ஊரில் நம்பக்கூடிய ஒரே காரணம் அதுதான். ஐந்து மணிக்கு மறுபடி கரண்ட் போய்விட்டது. அப்பாவுக்கு ஏமாற்றத்திலோ மிஸல் காரத்திலோ மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வியாழக்கிழமையானதால் டாக்டர் இருந்தார், மூச்சுக்கு வைக்கும் மெஷினும் இருந்தது, புத்தம் புதுசு, பாலிதீன் கூடப் பிரிக்கவில்லை, ஓட்டக் கரண்ட் இல்லை. ஓர் ஊசி போட்டு, நல்ல காற்று இருக்கும் இடமாகப் பார்த்து உட்காரச் சொன்னார். அந்த நல்ல காற்றுக்குத்தானே ஐயா இங்கே வந்தோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வழியெல்லாம் அப்பா ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, நம்ம அதிர்ஷ்டம் இவ்வளவுதான் சந்திரிகா என்று நாலு தடவை சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கிராஃப் தாளில் வீட்டுக்குப் பிளான் போட்டு வைத்திருக்கிறார் தெரியுமா, மருந்து ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர் அல்லவா, ஆணி அடிக்கும் இடத்துக்குக் கூட நம்பர் கொடுத்திருக்கிறார். சமையலறை ஜன்னல் கிழக்கே, எனக்குப் புகை வராமல் இருக்க. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் சமையலறைப் புகையைப் பற்றி அவர் யோசித்தது அந்தத் தாளில்தான்.

அப்புறம் ஏன் படித்தாய் என்று நீ கேட்பாய். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எழுபத்தெட்டில் கும்பகோணத்தில் உன் தாத்தா போனபோது உனக்கு நாலு வயது, உன்னையும் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் போனேன். பதின்மூன்றாம் நாள் சாப்பாடு ஆனதும் உன் பாஸ்கர் மாமா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அரக்குக் கரைப் புடவை, அதன்மேல் ஒரு பத்திரம், அதன்மேல் பேனா வைத்துக்கொண்டு வந்தான். அன்பையும் அபிமானத்தையும் முன்னிட்டு எந்தப் பிரதிபிரயோஜனமும் இல்லாமல் என்று ஆரம்பித்திருக்கும் போலிருக்கிறது, போலிருக்கிறது என்று ஏன் சொல்கிறேன் என்றால் நான் படிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவள், மூன்று பாஷையில் டிரங்க் கால் போட்டவள், அண்ணன் எதிரில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புடவையை வாங்கிக்கொண்டேன். உன் அப்பாவும் பக்கத்தில் இருந்தார், பெருந்தன்மை என்றார். அதற்குப் பிறகு ஐந்து பொங்கலுக்கு மணியார்டர் வந்தது, ஆறாவது பொங்கலுக்கு ஒரு போஸ்ட் கார்டு, அப்புறம் அதுவும் இல்லை. நான் மட்டும் இன்று வரைக்கும் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பால்கனியில் கனுப்பிடி வைக்கிறேன், புறா வந்து தின்றுவிட்டுப் போகிறது. வீடோ நிலமோ எனக்குப் பெரிதில்லை, சம்பாதித்தேன், சாப்பிட்டேன். படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேனே, அது மட்டும் இருபத்தெட்டு வருஷமாக உறுத்துகிறது. படிக்கவே தெரியாத ஒருத்தி, விரலை வைப்பதற்கு முன்னால் படித்துச் சொல்லு என்று கேட்கிறாள். அவளிடம் இரண்டாவது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தோடு முடிந்தது என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன், ஏதோ தள்ளிப்போயிற்று என்று அப்பாவும் நீயும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது போன் வந்தது. காசு போட்டுப் பேசும் சிவப்பு போன், சத்தத்திலேயே எனக்குத் தெரியும். சோனாபாய்தான். பாவ்பீஜ் அன்று ஆரத்தித் தட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தாளாம், இரண்டு பேரும் வரவில்லையாம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் வராத பாவ்பீஜ் இதுதான் முதல் தடவையாம். மறுநாள் புடவையோடு வந்து, நடந்ததை மறந்துவிடு, நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி வந்து விரலை வை, இல்லாவிட்டால் எங்களுக்கு நீ செத்தவள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இன்னொரு காசு போடும் சத்தம் கேட்டது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன் தாயி, ஆனால் அந்த மதராஸி பாயி படித்துச் சொன்னால்தான் வைப்பேன், அவள் எங்கே வைக்கச் சொல்லுகிறாளோ அங்கே வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், போன தடவை படித்தது யார் என்று சொல்லவில்லை என்றாள். லைன் கட்டாகிவிட்டது. சாயங்காலமே பாவ்சாஹேப் அப்பாவுக்கு போன் செய்து, காகூவை அவசியம் கூட்டி வாருங்கள், அந்தக் கிழவிக்கு அவர்கள்மேல் ஏதோ நம்பிக்கை என்று குழைந்தான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், உன் மராத்திதான் நம்மைக் காப்பாற்றப் போகிறது என்று எனக்கு ஜிலேபி வாங்கி வந்தார். தின்றேன்.

ஆக நான் போகப் போகிறேன். போகாவிட்டால் அவளை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிவிடுவார்கள். இப்போது கேள். உனக்கு அந்த மனை வேண்டும் என்றால், அப்பாவுக்கு அது வேண்டும் என்று எனக்கும் தெரியும், பாவ்சாஹேபைக் கூப்பிட்டு வேறு பத்திரம் எழுதச் சொல். ஹக்-சோட் வேண்டாம், அவளும் ஒரு விற்கிறவளாக அதில் இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு அவள் பெயரில் பாங்கில் கட்டின ரசீது பத்திரத்தோடு இருக்க வேண்டும், அண்ணன் தம்பி கையில் கொடுத்து அவளுக்குக் கொடுங்கள் என்கிற கதையெல்லாம் வேண்டாம். அதற்கு அவர்கள் சம்மதித்தால் நான் அதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டி, அவள் விரலைப் பிடித்து மெஷினில் வைக்கிறேன், தண்ணீர் வராத அந்த ஊரில் குடம் தூக்கிக் குடித்தனமும் செய்கிறேன், வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பேனா என்பது வேறு. இல்லை, பழைய காகிதத்தையே கொண்டு வந்தார்கள் என்றால் அதையும் படிப்பேன். போன தடவை அவள் காதில் மட்டும் விழப் படித்தேன். இந்தத் தடவை எழுந்து நின்று, அண்ணன் தம்பி, பாவ்சாஹேப், குமாஸ்தா, பியூன், எல்லாருக்கும் கேட்கப் படிப்பேன். உன் அப்பாவும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார், போன மாதம் அவளுக்குப் படித்துக் காட்டி பஸ் ஏற்றிவிட்டது யார் என்று அப்போது அவருக்கும் தெரிந்துவிடும். அவர் என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும். அதைப் பட்டுக்கொள்கிறேன்.

மீனு, உன் பிறந்த வீட்டிலிருந்து ஏதாவது காகிதம் வந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் முதலில் படி, இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி பிடிக்கும். வேளைக்குச் சாப்பிடுங்கள், ஒருவரை ஒருவர் அனுசரித்து இருங்கள், பெருமாள் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், ஸ்ரீவத்சனுக்குப் புத்தியை முதலில் கொடுக்கட்டும். இருபதாம் தேதிக்குள் பாவ்சாஹேபிடம் பேசிவிடு, மறக்காதே. புதுப் பத்திரம் எழுதினால் விற்கிறவர்கள் பெயரில் சோனாபாயை மூன்றாவதாகப் போட வேண்டாம் என்று சொல். முதலாவதாகப் போட வேண்டும். மூன்று பேரில் அவள்தான் மூத்தவள், தாய் இல்லாத அந்த இரண்டு தடியன்களையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
சந்திரிகா